பெயர், வயது

நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டது எக்ஸ்ரே எந்திரம்.
இரவு ஒன்பதரை. குலசேகரத்தில் மழை.
சுகிர்தபாய் அக்கா மேசைமேல் வைத்த
பாலித்தீன் பொதியிலிருந்து
ரத்தத் தண்ணீர் ஒரு கோடாய் இறங்கியது.
'பன்னி' என்று அடித்தேன்.
வயது போடாமல் நகராது. இரண்டு என்றேன்.
எந்த உறுப்பு?
'தொடை' என்றாள் அக்கா,
அறுத்துப் பார்க்காமலே.

அவளுக்கு நேற்றே சந்தேகம்.
இல்லத்துப் பிள்ளைகள் கைகழுவி உட்காருமுன்
உப்புப் பார்க்க ஒரு துண்டு கடித்தவள்
துப்பியது மிளகு அல்ல.
மிளகுபோல் பல்லில் நசுங்கியது.
எரியவில்லை.

இருபத்துமூன்று பிள்ளைகள்.
ஆறு நாள் பயறும் சாம்பாரும், ஞாயிறு ஒரு முட்டை.
அரிசி தந்தவர் பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.
மாதம் ஒருமுறை பின்வாசலில் நிற்கும் பைக்குக்கு மட்டும்
விளக்கும் கிடையாது, ரசீதும் வேண்டாம்.
ரப்பர்பால் உறையவைக்கும் தட்டில்
பத்துக் கிலோ இருக்கும்,
வாழையிலை மூடி.

திரையில் படம் வந்தது.
எலும்பு நான் தினம் பார்ப்பது.
அதைச் சுற்றி
முறத்தில் இருந்து தவிடு பறந்ததுபோல வெள்ளை.
மணியாய்த் தெரிந்தவை ஏழு.
மற்றவற்றை எண்ண வராது.
துளை விழுந்த இடத்திலிருந்து
ஒரு சாண் தள்ளியும்,
விரல் தேடினால் அகப்படாத,
பல்லுக்கும் தட்டுப்படாத தூள்.

'கழுவினா போவுமா?'
போகாது.
'வேவிச்சா?'
போகாது. புளி ஊற்றினால் இன்னும் கரையும்.
அக்கா தன் கையை
முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
அந்தப் பைக்
என் வீட்டு முன்னும் நின்றதுண்டு என்று
நான் சொல்லவில்லை.

தாசையன் நனைந்துகொண்டு வந்தான்.
'குண்டு பட்ட எடத்தச் சுத்தி அரையடி வெட்டிக் களஞ்சேன்' என்றான்.
'மூணு ராத்திரில எனக்க மரச்சீனி விளையத் தோண்டிப் போட்டு
பன்னி தின்னுது. நான் பன்னியத் தின்னேன்.
கூடுதலு பிள்ளையளுக்கு. வித்தா பாவமில்லியா?'
ஈயம் எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.
குளச்சலில், பழைய வலையிலிருந்து.
கடலின் அடியில் கிடக்கவேண்டியது
சிரட்டைக் கனலில் உருகி
மலையேறி வந்திருக்கிறது.

கொடுப்பதற்கும் ஈ என்றுதான் எழுத்து.
கொடுத்ததற்குள் கிடப்பதற்கும் அதுதான்.
இதை அவனிடம் சொல்லியிருந்தால்
செருப்பைக் கழற்றியிருப்பான்.

படத்தை வெகுநேரம் பார்த்தான்.
சட்டையைக் கழற்றினான்.
'எனக்கும் ஒண்ணு எடு.'

தாசையன். நாற்பத்துநான்கு. வயிறு.
மூச்சைப் பிடி. விடு.
வலப்பக்கம் கீழே, குடல்வாலுக்குள்,
இரண்டு மணிகள்
ஒன்றையொன்று உரசியபடி.
எத்தனை வருடமாய் அங்கே இருக்கின்றனவோ,
வலிக்கக்கூட இல்லை என்றான்.
பிறகு, சுவரைப் பார்த்து:
'எனக்க இளையவளுக்கு ஏழு வயசு.
தலக்கறி அவளுக்குத்தான் முதல்ல வைப்பேன்.
ஒரு வருசமா கணக்கு ஏறமாட்டங்கு.
டீச்சர் மந்தம்னு சொல்லுதா.
கூட்டிட்டு வரட்டா?'

படத்தில் தெரியாது. ரத்தத்தில்தான் தெரியும்.
அதற்கு நாகர்கோவில் போகவேண்டும்,
அங்கேயும் உண்டா என்று கேட்கவேண்டும்.

அக்கா பொதியைத் தூக்கினாள்.
நாய் தோண்டாத ஆழம் எவ்வளவு என்று கேட்டாள்.
இருவரிடமும் பதில் இல்லை.
இல்லத்தில் இன்று கறி என்று
பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது,
வாசனை போன பிறகும்
தட்டோடு உட்கார்ந்திருந்தார்களாம்.

அவர்கள் போன பின்
எந்திரம் அடுத்த பெயரைக் கேட்டு மினுங்கியது.
என் மகன் பெயரின் முதல் எழுத்தை அடித்தேன்.
அழித்தேன்.
மழை விடவில்லை.